மீரிகமவில் விளையும் செடி, வாகரைப் பிள்ளைக்கு ஏன் மருந்தாகக் கூடாது? சுகாதார அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

கௌரவ சுகாதார அமைச்சர் அவர்களுக்கு,

பிரதி: தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை, ஆயுர்வேதத் திணைக்களம், மட்டக்களப்பு மற்றும் திகாமடுல்ல மாவட்டங்களின் பாராளுமன்ற உறுப்பினர்கள்

ஐயா,

மீரிகமவில் 64 ஏக்கர் நிலத்தில் ஏழு வெளிநாட்டு முதலீட்டாளர்கள் கஞ்சா பயிரிட அனுமதி பெறுகிறார்கள் என்று 2025 ஓகஸ்டில் அறிவிக்கப்பட்டது. விளைவது முழுவதும் ஏற்றுமதிக்கு மட்டும் என்றும், உள்நாட்டில் ஓர் இலைகூட வெளியே போகாது என்றும் சொல்லப்பட்டது. அந்த உறுதிமொழி பலருக்கு நிம்மதி தந்தது. நான் மட்டக்களப்பு மாவட்டத்தின் அரச வைத்தியசாலைகளில் மருந்தாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். எனக்கு அந்த உறுதிமொழிதான் உறக்கத்தைக் கெடுத்தது. ஏற்றுமதியாகும் செடி வெளிநாட்டில் யாருக்குப் போகிறது? வலிப்பு நிற்காத பிள்ளைகளுக்கும், தசை இறுக்கத்தால் துடிக்கும் நோயாளிகளுக்கும், புற்றுநோய்ச் சிகிச்சையின் வாந்தியால் சோறு இறங்காதவர்களுக்கும் மருந்தாகப் போகிறது. அதே நோய்கள் கிழக்கில் வாகரையிலும் இருக்கின்றன, பொத்துவிலிலும் இருக்கின்றன. அவர்களுக்கு மட்டும் ஏன் அந்தக் கதவு சாத்தியிருக்க வேண்டும்?

கஞ்சாவைத் திறந்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. புகைப்பதற்கோ லேகியம் என்ற பெயரில் கடைகளில் விற்பதற்கோ இந்த மடலில் ஒரு வரியும் இடம் கொடுக்கவில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று. பரிசோதித்து, அளவிட்டு, பதிவு செய்த மருந்தாக, விசேட வைத்திய நிபுணரின் கையெழுத்தோடு, அரச வைத்தியசாலை மருந்தகத்தின் ஊடாக, தேவைப்படும் நோயாளிக்கு இது கிடைக்க வேண்டும்.

இந்தக் கோரிக்கை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற பிறகும் என்னிடம் மருந்துச் சீட்டுகளைக் காட்டிச் சந்தேகம் கேட்க வருபவர்கள் உண்டு. அப்படி ஒரு தாய் வந்தார். வாழைச்சேனைக்கு வடக்கே ஒரு மீனவக் கிராமம். மகனுக்கு ஏழு வயது, எடை இருபது கிலோ. லெனொக்ஸ்-காஸ்டோ என்ற வலிப்பு வகை. இந்த வகையில் பிள்ளை நின்ற நிலையிலேயே வெட்டிச் சாய்த்ததைப் போல விழும். பல் உடையும், நெற்றி பிளக்கும். சோடியம் வல்ப்ரோவேற், குளோபசாம், லமோட்ரிஜின் என்று மூன்று மருந்துகளும் ஓடிக்கொண்டிருந்தன. கொழும்புக்கு இரவு ரயிலில் எத்தனையோ முறை போய் வந்திருக்கிறார்கள். விழுவது நிற்கவில்லை.

அந்தத் தாய் சேலைத் தலைப்பிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தார். சுவிற்சர்லாந்தில் இருக்கும் மைத்துனர் ஊருக்கு வந்தவரிடம் கொடுத்தனுப்பிய கஞ்சா எண்ணெய். சுவிசில், செடியில் போதை தரும் பொருளான டி.எச்.சி. ஒரு சதவீதத்துக்குக் குறைவான சணல் வகைகள் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருவதில்லை. ஆகவே அங்கே கடையில் வாங்கலாம். இங்கே அதைக் கையில் வைத்திருந்தாலே குற்றம். போத்தலில், அதே செடியின் போதை தராத பொருளான சி.பி.டி. பத்து சதவீதம் என்று இருந்தது. தொகுதி இலக்கம் இல்லை, பரிசோதனைச் சான்று எதுவும் இல்லை. காலையில் மூன்று துளி, மாலையில் மூன்று துளி கொடுப்பதாகச் சொன்னார். கிளினிக்கில் சொன்னீர்களா என்று கேட்டேன். பொலிசுக்குப் போய்விடுமோ என்று பயந்து சொல்லவில்லை என்றார்.

ஐயா, அந்தப் போத்தலைப் பற்றி ஒரு மருந்தாளராக உங்களுக்குக் கணக்குக் காட்ட விரும்புகிறேன். பத்து சதவீதம் என்றால் ஒரு மில்லிலீற்றரில் ஏறத்தாழ 100 மில்லிகிராம். ஒரு துளி 0.05 மில்லிலீற்றர் என்று வைத்தால் ஐந்து மில்லிகிராம். ஆறு துளிக்கு முப்பது. ஆனால் இதே நோய்க்கு அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட எபிடியோலெக்ஸ் என்ற தூய சி.பி.டி. மருந்தின் வழக்கமான பராமரிப்பு அளவு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குப் பத்து மில்லிகிராம். இருபது கிலோப் பிள்ளைக்கு 200 மில்லிகிராம். அந்தத் தாய் கொடுத்தது அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. சரியான அளவுக்கு ஏற்றியிருந்தால் பத்து மில்லிலீற்றர்ப் போத்தல் ஐந்து நாளில் தீர்ந்திருக்கும்.

அளவை ஏற்றுவதும் வீட்டில் செய்யும் காரியம் அல்ல. சி.பி.டி. குளோபசாமோடு சேரும்போது அந்த மருந்தின் செயலூக்கமுள்ள வழிப்பொருள் இரத்தத்தில் பல மடங்கு உயரும். பிள்ளை தூங்கி வழியும், மூச்சும் மந்தமாகலாம். வல்ப்ரோவேற்றோடு சேர்ந்தால் கல்லீரல் நொதியங்கள் உயரும். ஆகவே தொடங்கும் முன்பும் தொடங்கிய பின்பும் கல்லீரல் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அந்தப் பிள்ளை குடித்துக்கொண்டிருந்த மூன்று மருந்துகளில் இரண்டு, சரியாக இந்த இரண்டும்தான். சிகிச்சை பார்க்கும் வைத்தியருக்கு எதுவுமே தெரியாது. தடை அந்தப் பிள்ளையைக் கஞ்சாவிலிருந்து காப்பாற்றவில்லை. அளவும் இல்லாமல் கண்காணிப்பும் இல்லாமல் அதைக் குடிக்க வைத்தது.

போத்தலில் எழுதியிருப்பது உள்ளே இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. இணையத்தில் விற்ற 84 சி.பி.டி. பொருட்களை அமெரிக்க ஆய்வாளர்கள் பரிசோதித்து 2017 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியிட்டார்கள். லேபிளில் சொன்ன அளவு சரியாக இருந்தவை 26 மட்டுமே. 18 பொருட்களில் போதை தரும் டி.எச்.சி. இருந்தது. கட்டுப்பாடுள்ள நாட்டின் நிலைமையே இதுவென்றால், வளைகுடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் பயணப் பையில் வந்து கைமாறும் போத்தல்களை யார் பரிசோதிப்பது?

நல்ல மருந்து என்ன செய்யும் என்பதும் தெளிவாகவே தெரியும். டிராவே என்ற கடுமையான வலிப்பு நோயுள்ள 120 சிறுவர்களிலும் இளையோரிலும் நடந்த ஆய்வு 2017 இல் வெளிவந்தது. சி.பி.டி. பெற்றவர்களுக்கு மாதாந்த வலிப்பின் நடுமதிப்பு 12.4 இலிருந்து 5.9 ஆகக் குறைந்தது. வெற்று மருந்து பெற்றவர்களுக்கு 14.9 இலிருந்து 14.1 வரைதான். லெனொக்ஸ்-காஸ்டோவில் 2018 இல் வந்த ஆய்வில், விழுந்து நொறுங்கும் வலிப்புகள் கூடிய அளவு மருந்தில் 42 சதவீதமளவும், வெற்று மருந்தில் 17 சதவீதமளவும் குறைந்தன. அந்த ஆண்டு ஜூனில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதை அங்கீகரித்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் அது கைகொடுப்பதில்லை. சிலருக்கு வயிற்றோட்டம், பசியின்மை, அயர்வு வரும். ஆனால் ஒரு நாளில் பத்துத் தடவை விழும் பிள்ளை ஐந்து தடவை விழுந்தால் அந்த வீட்டில் என்ன மாறும் என்பதை, அந்த வீட்டில் ஒரு நாள் இருந்தவர்கள் அறிவார்கள்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். செடியில் இருக்கும் எல்லாமே போதை தருவதில்லை. டி.எச்.சி. என்பதே மயக்கம் தருவது. இஸ்ரேலில் மெக்கூலமும் கயோனியும் அதை 1964 இல் பிரித்தெடுத்து அமைப்பைக் கண்டார்கள். சி.பி.டி. மயக்குவதில்லை. தூய சி.பி.டி.யில் துர்ப்பாவனைக்கோ அடிமையாவதற்கோ இடமில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஆராய்ந்து சொல்லிவிட்டது. அந்தக் குழுவின் பரிந்துரையை ஏற்று 2020 டிசம்பர் 2 ஆம் திகதி ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணைக்குழு, 1961 ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சமவாயத்தின் நான்காம் அட்டவணையிலிருந்து கஞ்சாவை நீக்க வாக்களித்தது. ஆதரவு 27, எதிர் 25, ஒரு நாடு வாக்களிக்கவில்லை. இந்தியா ஆதரவாக வாக்களித்தது. நான்காம் அட்டவணை என்பது மிக ஆபத்தானதும் மருத்துவப் பயன் மிகக் குறைந்ததுமான பொருட்களின் பட்டியல். முதலாம் அட்டவணையில் கஞ்சா இன்னும் இருக்கிறது. மோர்பினும் அங்கேதான் இருக்கிறது.

மோர்பின் என்றதும் நான் என் வாழ்நாள் வேலைக்கு வந்துவிடுகிறேன். வைத்தியசாலையில் அபாயகர ஔடதங்களைப் பூட்டி வைக்கும் டி.டி.ஏ. அலுமாரி என்று ஒன்று உண்டு. இரட்டைப் பூட்டு. திறப்பு பொறுப்பானவரின் கையில். ஒரு ஊசிக்குழாய் மோர்பின் எடுத்தாலும் நோயாளியின் பெயர், கட்டில் இலக்கம், வைத்தியரின் கையெழுத்து, கொடுத்தவரின் கையெழுத்து, சாட்சியின் கையெழுத்து, மிச்சம் எவ்வளவு என்பது டி.டி.ஏ. புத்தகத்தில் ஏற வேண்டும். உடைந்த குழாய்க்கும் கணக்கு உண்டு. அபினிலிருந்து வந்த மருந்து அது. அதே அபினிலிருந்துதான் ஹெரோயினும் வருகிறது. ஹெரோயின் நம் பிள்ளைகளை என்ன செய்தது என்று காத்தான்குடியிலும் கல்முனையிலும் கேட்டுப் பாருங்கள். இருந்தும், புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பவருக்கு மோர்பின் கொடுக்காதே என்று எந்தப் பள்ளிவாசல் நிர்வாகமும் எந்தக் கோயில் பரிபாலன சபையும் சொன்னதில்லை. அலுமாரியும் புத்தகமும் இருக்கும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருக்கிறது. அந்த அலுமாரியில் இன்னொரு தட்டு ஒதுக்கச் சொல்லித்தான் கேட்கிறேன்.

அதைவிடப் பொருத்தமான உதாரணம் பிரிகபலின். நரம்பு வலிக்குக் கொடுக்கும் மாத்திரை. நீரிழிவால் கால் எரியும் ஆயிரக்கணக்கானோருக்கு அது உறக்கம் தருகிறது. அதே மாத்திரையை இளைஞர்கள் போதைக்காக விழுங்குகிறார்கள், பொலிசார் பெட்டி பெட்டியாகப் பிடிக்கிறார்கள். அதற்காக நீரிழிவு நோயாளியிடமிருந்து யாரும் அதைப் பறிக்கவில்லை. விநியோகத்தை இறுக்கினோம். கஞ்சாவிலிருந்து வரும் மருந்துக்கும் அதே நியாயம் வேண்டும்.

எதிர்க்கருத்து உள்ளவர்களை நான் மதிக்கிறேன். நம் ஊர்களில் ஐஸ் என்ற சனியன் பாடசாலை மதில் வரை வந்துவிட்டது. கேரளக் கஞ்சா வடக்குக் கடலால் வந்து நம் பக்கமும் இறங்குகிறது. சியம்பலாண்டுவ, தணமல்வில பக்கத்துக் காட்டுச் சேனைகளில் விளைவது வேறு. இந்த நேரத்தில் கஞ்சாவும் மருந்துதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொள்வார்கள் என்ற தாய்மாரின் பயம் நியாயமான பயம். வளரும் மூளைக்கு டி.எச்.சி. கெடுதல் செய்யும் என்பதும், இளவயதில் கூடிய வீரியக் கஞ்சாவைத் தொடர்ந்து புகைப்பவர்களிடம் மனநோய் அபாயம் உயர்கிறது என்பதும் உறுதியான மருத்துவ அறிவு. அதை மறைத்துக்கொண்டு யாரும் மருத்துவக் கஞ்சா பற்றிப் பேசக் கூடாது.

தாய்லாந்தில் நடந்ததையும் பார்த்துவிட்டோம். 2018 இல் மருத்துவப் பாவனைக்குச் சட்டம் செய்தார்கள். அதோடு நின்றிருக்கலாம். 2022 ஜூன் 9 ஆம் திகதி செடியைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்தே எடுத்தார்கள். தெருவுக்குத் தெரு கடை முளைத்தது. 2025 ஜூனில் வைத்தியச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மறுபடியும் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். மருத்துவத்துக்கான வாசலை வைத்தியசாலைக்குள்ளே திறக்க வேண்டும், கடைத்தெருவில் திறக்கக் கூடாது என்பதே நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது.

புற்றுநோய் பற்றியும் சொல்லியாக வேண்டும். கஞ்சா எண்ணெய் புற்றுநோயைக் கரைக்கும் என்று ஒரு செய்தி கைத்தொலைபேசிகளில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மனிதரில் அதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. அந்தச் செய்தியை நம்பி மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போவதைத் தள்ளிப்போட்டவர்களை நான் அறிவேன். கீமோ சிகிச்சையின் வாந்திக்கு ட்ரோனபினோல் என்ற செயற்கை டி.எச்.சி. 1985 இலிருந்து அமெரிக்காவில் பாவனையில் இருக்கிறது. இன்று ஒண்டன்செற்றன் போன்ற மருந்துகள் நன்றாக வேலை செய்வதால் அது இரண்டாம், மூன்றாம் நிலைத் தெரிவுதான். மல்ற்றிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு மண்டல நோய் உள்ளவர்களின் தசை இறுக்கத்துக்கு, டி.எச்.சி.யும் சி.பி.டி.யும் ஏறத்தாழச் சமமாகக் கலந்த வாய்த்தெளிப்பு ஒன்றைப் பிரித்தானியா 2010 இல் அங்கீகரித்தது. அதே தெளிப்பு புற்றுநோய் வலிக்கான பெரிய ஆய்வுகளில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை அரசாங்கமே அச்சிட்டுச் சொன்னால், பொய் சொல்லி விற்பவர்களின் வாய் அடையும். அரசாங்கம் மௌனமாக இருப்பதால்தான் அவர்கள் பேசுகிறார்கள்.

இனி நம் சொந்த வைத்தியத்துக்கு வருகிறேன். ஏனெனில் இந்தச் செடி நமக்குப் புதியதல்ல, நாம் அதை மறந்தவர்களும் அல்ல. கிழக்கின் பரியாரிமாரின் ஏடுகளிலும் ஆயுர்வேத நூல்களிலும் கஞ்சா நச்சு மூலிகைகளின் வரிசையில் இருக்கிறது. சுத்தி செய்யாமல் சேர்க்கக் கூடாது என்பது விதி. பச்சைச் சாயம் போகும்வரை நீரில் கழுவி, உலர்த்தி, பசுநெய்யில் வறுத்தெடுப்பது ஒரு முறை. நெய்யில் வறுப்பதற்கு இன்றைய இரசாயனமும் காரணம் சொல்லும். செடியில் அமில வடிவில் இருப்பது சூட்டில்தான் செயல்படும் வடிவுக்கு மாறுகிறது, அது நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். வயிற்றோட்டத்துக்கும் கிரகணிக்கும் கொடுக்கும் சாதிக்காய்ச் சூரணமான ஜாதிபலாதியில் கஞ்சா ஒரு முக்கிய சரக்கு. கல்கத்தாவில் பணியாற்றிய ஓஷாக்னசி என்ற அயர்லாந்து வைத்தியர் 1839 இல் கஞ்சாவைப் பற்றி எழுதி மேற்குலகுக்கு அறிமுகப்படுத்தியபோது, நம் பக்கத்து வைத்தியர்களிடமும் நூல்களிலும் கேட்டுத்தான் தொடங்கினார். வலிப்புக் கண்ட கைக்குழந்தை ஒன்றுக்கு அதன் சாற்றைத் துளித் துளியாகக் கொடுத்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார்.

நம் நாட்டுச் சட்டமும் இதை முற்றாக மூடவில்லை. 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் ஒரு பக்கம் தடுக்கிறது. 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் மறுபக்கம், மருந்து செய்வதற்காக ஆயுர்வேத வைத்தியர்கள் அனுமதியோடு கஞ்சாவும் அபினும் பெற வழி விடுகிறது. சிக்கல் எங்கே என்றால், அந்தக் கஞ்சா எங்கிருந்து வருகிறது என்பதில். பொலிசார் பிடித்து, வழக்குப் பொருளாக நீதிமன்றக் களஞ்சியத்தில் கிடந்து, வழக்கு முடிந்த பிறகு கிடைக்கும் சரக்கு அது. அதற்குள் வீரியம் போய்விடுகிறது என்று 2017 இல் அப்போதைய சுகாதார அமைச்சரே சொல்லி, இங்கிரியவில் பயிரிடும் யோசனையை முன்வைத்தார்.

ஒரு மருந்தாளரின் கண்ணுக்கு இது தாங்க முடியாத நிலைமை. காற்றிலும் சூட்டிலும் கிடக்கும் கஞ்சாவில் டி.எச்.சி. மெல்ல மெல்லச் சி.பி.என். என்ற வேறு பொருளாக மாறிவிடும். எந்த மூட்டையில் எது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஈரக் களஞ்சியத்தில் பூஞ்சணம் பிடிக்கும். மண்ணிலிருக்கும் காட்மியம், ஈயம் போன்றவற்றை உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும் இயல்பு இந்தச் செடிக்கு உண்டு. கள்ளத்தனமாக வளர்த்தவன் என்ன பூச்சிகொல்லி அடித்தான் என்பதற்குப் பதிவு இருக்காது. அப்படிப்பட்ட சரக்கைக் கொண்டு சூரணமும் மோதகமும் செய்து நோயாளிக்குக் கொடுக்கிறோம். வெளிநாட்டுக்கு அனுப்பும் செடிக்கு ஆய்வுகூடச் சான்று, உள்ளூர் நோயாளிக்கு நீதிமன்றக் களஞ்சியத்து மூட்டை என்ற இந்த வேறுபாட்டை நீங்கள் எப்படி நியாயப்படுத்துவீர்கள், ஐயா?

2022 நவம்பர் வரவுசெலவுத் திட்ட உரையிலும் ஏற்றுமதிக்கான கஞ்சாச் செய்கையை ஆராய நிபுணர் குழு என்றுதான் வந்தது. ஆட்சி மாறியது, அந்த ஒரு சொல் மாறவில்லை: ஏற்றுமதி. டொலர் தேவைதான். 2022 இல் வைத்தியசாலைகளில் பரசிற்றமோல் ஊசிக்கும் கையேந்திய நாட்கள் எனக்கு மறக்கவில்லை. ஆனால் 1961 ஆம் ஆண்டுச் சமவாயம் இந்தப் பொருட்களைக் கட்டுப்படுத்தச் சொன்னதோடு, வலி தீர்க்க இவை இன்றியமையாதவை, மருத்துவத்துக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் தன் முகப்பிலேயே சொல்கிறது. கஞ்சா பயிரிட அனுமதிக்கும் நாடு ஓர் அரச முகவர் நிறுவனத்தை அமைத்து, அறுவடை முடிந்து நான்கு மாதத்துக்குள் விளைச்சலைத் தன் கைக்கு எடுக்க வேண்டும் என்பதும் அதே சமவாயத்தின் விதி. விளைச்சல் அரசாங்கத்தின் கைக்கு வரும் என்றால், அதில் ஒரு பங்கை நம் நோயாளிகளுக்கென ஒதுக்குவதில் என்ன தடை?

அந்தப் பங்கு எவ்வளவு முக்கியம் என்பதை விலை சொல்லும். எபிடியோலெக்ஸ் 2018 இல் சந்தைக்கு வந்தபோது அமெரிக்காவில் ஒரு நோயாளிக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 32,500 டொலர். வாகரையில் வலை இழுப்பவரின் மகனுக்கு அது நடக்காது. நம் இலவச சுகாதார சேவையாலும் அந்த விலைக்குத் தொடர்ந்து வாங்க முடியாது. ஆனால் அந்தப் போத்தலுக்குள் இருப்பது தூய்மையாக்கிய சி.பி.டி., கரைப்பதற்கு நல்லெண்ணெய், சிறிது மதுசாரம், ஒரு இனிப்பு, ஒரு வாசனை. செடியும் பிரித்தெடுக்கும் கூடமும் நாட்டுக்குள்ளேயே வருகின்றன என்றால், அரச மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனத்துக்கு அதை வாய்வழிக் கரைசலாக்குவது எட்டாத தொழில்நுட்பம் அல்ல. மதுசாரம் சேர்க்காத வடிவத்தையும் செய்ய வேண்டும். அம்பாறைக் கரையோர முஸ்லிம் குடும்பங்கள் அதைத்தான் கேட்பார்கள், கேட்பதற்கு முன்பே கொடுப்பது மரியாதை.

தரம் பற்றிப் பேசும்போது 2023 இல் நடந்த போலி இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்து விவகாரத்தை மக்கள் மறக்கவில்லை என்பதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே ஒவ்வொரு தொகுதிக்கும் ஆய்வுகூட அறிக்கை பகிரங்கமாக இருக்க வேண்டும். சி.பி.டி. அளவு, டி.எச்.சி. மிச்சம், பூஞ்சணம், பார உலோகங்கள் எல்லாம் அதில் வர வேண்டும்.

இடையில் ஒரு சொல். கிழக்கிலும் கஞ்சாப் பண்ணை தாருங்கள் என்று கேட்கும் குரல்கள் எழலாம். நான் நிலம் கேட்கவில்லை. மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைப் பிரச்சினையில் பால்பண்ணையாளர்கள் பட்ட பாட்டைப் பார்த்த மாவட்டம் இது. புதிய பயிரின் பெயரில் இன்னொரு வேலி இங்கே வேண்டாம். மருந்து வந்தால் போதும்.

எப்படி வர வேண்டும் என்று என் தொழில் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். முதலில், டிராவே, லெனொக்ஸ்-காஸ்டோ, டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் ஆகிய மூன்று நோய்களின் வலிப்புக்கு மட்டும் தூய சி.பி.டி. கரைசலைப் பதிவு செய்யும் விண்ணப்பத்தை ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அழைக்க வேண்டும். இரண்டு மருந்துகளாவது சரிவராத பிறகு, நரம்பியல் நிபுணரோ சிறுவர் நரம்பியல் நிபுணரோ மட்டும் தொடங்கலாம். தொடங்கிய பிறகு மாதாந்த மருந்தை எடுக்கக் கொழும்புக்கு வரச் சொல்லக் கூடாது. அம்பாறை மாவட்டத்தில் ரயில் பாதையே கிடையாது. பாணமையிலிருந்து வலிப்புப் பிள்ளையோடு பஸ் ஏறி, இரண்டு மூன்று பஸ் மாறி வருவது என்னவென்று கொழும்பில் இருப்பவர்கள் யோசிப்பதில்லை. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலும், கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறை வைத்தியசாலைகளிலும் அதை வைத்திருக்க வேண்டும். கல்லீரல் பரிசோதனை இந்த வைத்தியசாலைகளில் இன்றும் நடக்கிறது. நோயாளர் பதிவேடு ஒன்றைத் தேசிய அளவில் வைத்து, யாருக்கு என்ன பலன், என்ன பக்க விளைவு என்று எழுதினால் இரண்டு மூன்று ஆண்டுகளில் நம் பிள்ளைகளைப் பற்றிய தரவு நம் கையிலேயே இருக்கும். டி.எச்.சி. கலந்த மருந்துகளை அதன் பிறகு, டி.டி.ஏ. புத்தகத்தின் விதிகளோடு, ஒவ்வொன்றாகப் பரிசீலிக்கலாம். அவசரமில்லை.

ஆயுர்வேத, சித்த மருந்துகளுக்கு நீதிமன்றச் சரக்கு கொடுப்பதை நிறுத்தி, பரிசோதித்த விளைச்சலை ஆயுர்வேத மருந்துக் கூட்டுத்தாபனம் ஊடாக மட்டும் வழங்க வேண்டும். திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் கற்பிக்கிறார்கள், மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதார பராமரிப்பு விஞ்ஞான பீடம் இருக்கிறது. சுத்தி முறைகளுக்கு முன்னும் பின்னும் மருந்தில் என்ன இருக்கிறது என்று அளந்து பார்க்க இந்த இரண்டு இடங்களும் சேர்ந்தால் போதும். அனுமதி மட்டும் உங்கள் மேசையில் இருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, செலவே இல்லாத ஒரு காரியம் உண்டு. பிள்ளைக்கு வெளிநாட்டு எண்ணெய் கொடுத்துக்கொண்டிருக்கும் பெற்றோர் அதைத் தம் வைத்தியரிடம் சொன்னால், அந்தத் தகவல் வைத்தியசாலையைத் தாண்டாது என்று ஒரு சுற்றறிக்கை விடுங்கள். அது இந்த மாதமே செய்யக்கூடியது. குளோபசாமும் சி.பி.டி.யும் சேர்ந்து ஒரு பிள்ளை ஒரு இரவில் மூச்சுத் திணறுவதற்கு முன்பு செய்ய வேண்டியது.

மாகாண சபை 2017 இலிருந்து இல்லாத கிழக்கில், சுகாதாரக் கோரிக்கையை எழுப்ப எங்களுக்கு வேறு மன்றம் இல்லை. ஆகவே மட்டக்களப்பு, திகாமடுல்ல பாராளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பாராமல் இதைச் சபையில் கேள்வியாகக் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏற்றுமதி அனுமதிப் பத்திரங்களில் உள்நாட்டு நோயாளர் பங்கு பற்றி ஒரு நிபந்தனை இருக்கிறதா, இல்லையென்றால் எப்போது சேர்க்கப்படும் என்பதே அந்தக் கேள்வி. உங்கள் பதில் எழுத்தில், தமிழிலும் சிங்களத்திலும் வர வேண்டும். அந்தத் தாய்க்கு அதை வாசித்துக் காட்ட நான் பொறுப்பு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரச வைத்தியசாலை மருந்தாளர்,
மட்டக்களப்பு